செத்தால் திணை மாறுமா?

1. கொலைகாரியைக் காட்டிக்கொடுத்தேன்

நான் முதன்முதலில் சப்டைட்டில் எழுதிய த்ரில்லர் படத்தில், கொலை செய்தது யார் என்று தமிழில் பார்த்தவர்களுக்கு மூன்றாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. முழுப் பழியும் என்னுடையதுதான்.

அதற்கு முன்பு நான் பூனாவில் ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்குக் குக்கர், மிக்ஸி, ட்ராக்டர் கையேடுகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தவள். குக்கர் வந்தானா வந்தாளா என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தோடு படத்துக்கு உட்கார்ந்தேன். இந்த வேலையில் நமக்கு ஒரு டெம்ப்ளேட் வரும். ஆங்கில வசனம், அது எந்த நொடியில் திரையில் தோன்ற வேண்டும் என்ற டைம்கோட், ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்ற வரம்பு, எல்லாம் அதில் இருக்கும். பக்கத்துக் கட்டத்தில் நாம் தமிழை நிரப்ப வேண்டும். கொலைக் கதைதானே என்ற இளக்காரத்தில் படத்தை முழுசாகப் பார்க்காமலே நிரப்ப ஆரம்பித்தேன்.

ஆங்கிலத்தில் கொலையாளியை 'தே' என்று சொல்லி ஆணா பெண்ணா தெரியாமல் மூடி வைத்திருந்தார்கள். நம் வினைச்சொல் அப்படி மூட விடாது. வந்தான், வந்தாள், வந்தது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் தீரும். கொலைகாரன் என்றால் ஆம்பிளைதானே என்று 'வந்தான்' என்றே போட்டுக்கொண்டு போனேன். கடைசிப் பத்து நிமிடத்தில் பார்த்தால் கொன்றது நாத்தனார். சிரத்தைக்காரி இல்லையா நான், திரும்ப முதலிலிருந்து போய் அத்தனை 'வந்தானை'யும் 'வந்தாள்' ஆக்கினேன். செத்தவளைத் தவிர்த்தால் அந்த வீட்டில் இருந்த ஒரே பெண் அவள்தான். எங்கள் வேலையைச் சரிபார்க்கும் க்யூசிக்காரரும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று பாஸ் போட்டுவிட்டார்.

ஒரு வாரத்தில் பார்வையாளர் ஒருவர் எழுதியது எனக்கு வந்து சேர்ந்தது. "கொலைகாரி யாருன்னு மூணாவது நிமிஷத்துலயே சொன்னதுக்கு ரொம்ப நன்றி. மிச்ச ஒன்றரை மணி நேரத்துல துணி மடிச்சிட்டேன்."

எனக்கு முதல் சிவப்புக் குறி விழுந்தது. மூன்று விழுந்தால் அந்த வகைப் படங்கள் பிறகு நமக்கு வராது. அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன். யாரென்று தெரியாத கொலையாளிக்கு 'வந்திருக்காங்க' என்று மரியாதை கொடுத்துவிட வேண்டும். தமிழில் பிடிபடும் வரை எல்லாக் கொலைகாரரும் 'அவர்'தான். பிடிபட்ட பிறகுதான் அவன், இவன்.

2. பேய்ப்படம்தானே

அவமானம் பொறுக்காமல் அதன்பின் இந்த வகையை ஒழுங்காகப் பார்க்கவும் படிக்கவும் தொடங்கினேன். ஆறு வருடமாயிற்று. இன்றைக்கு என்னிடம் யாராவது "பேய்ப்படம்தானே" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எடுக்கிறவர்களே அப்படி நினைத்து எடுக்கிறார்கள் என்பது அதைவிட எரிச்சல்.

கதவைத் திறந்தால் பூனை, கூடவே காதைக் கிழிக்கும் ஒரு சத்தம். இதற்குப் பெயர் பயமா? பின்னால் வந்து முதுகில் தட்டினால் யார்தான் துள்ள மாட்டார்கள். த்ரில்லர் என்றால் முதல் காட்சியிலேயே ஓர் இளம்பெண்ணின் பிணம், உதட்டுச் சாயம் கலையாமல். அப்புறம் ஒன்றரை மணி நேரத்துக்கு அவள் பெயரை யாரும் கேட்பதில்லை. நாவல்களோ, நானூறு பக்கம் இழுத்துவிட்டுக் கடைசியில் 'அவனுக்கு மனநோய்' என்று கையை உதறிவிடும். மனநோயாளி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். அவர்களுக்குத் தெரியும், அந்த வீட்டில் பயந்துபோய் இருப்பது யார் என்று. டார்க் ஃபேன்டஸி என்றால் விளக்கை அணைத்துவிடுவது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யார் யாரை வெட்டுகிறார்கள் என்பதையே நான் வசனத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

நல்லதும் இருக்கிறது. நல்ல பேய்க்கதையில் பயம் பாதிதான். மிச்சப் பாதி, போனவர் திரும்பி வரமாட்டாரா என்ற ஏக்கம். அந்த ஏக்கம் இருக்கிற படத்தை நான் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். அப்படிப் பார்த்ததில் ஒரு தடவை ஒரு நாள் தாமதமாகி இரண்டாவது சிவப்பு விழுந்தது. வேலையைப் பார்த்துச் செய்ததற்குத் தண்டனை.

3. டூல் அடிக்குதுங்க

எங்கள் ஆபீஸ் ஏரவாடா பக்கம். நான் நிக்டியிலிருந்து இரண்டு பஸ் மாறித் திங்கள்கிழமை மட்டும் போவேன், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. தமிழ்ப் பிரிவுக்குப் புது மேனேஜராக நிரஞ்சன் வந்தார். கோயமுத்தூர்க்காரர், முப்பது வயது, மரியாதையான பிள்ளை. வந்ததும் ஒரு கிளாசரி கொண்டுவந்தார், அதாவது எந்தச் சொல்லுக்கு எதைப் போட வேண்டும் என்ற பட்டியல். கோஸ்ட், ஸ்பிரிட், டீமன், கிரியேச்சர் எல்லாவற்றுக்கும் 'பேய்'. பேய் வருகிற இடமெல்லாம் 'அது'. மீறினால் ஒரு டூல் தானாகவே சிவப்பு அடிக்கும்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு படம் வந்தது. ஒரு தம்பதியின் ஏழு வயதுப் பெண் குளத்தில் மூழ்கிச் செத்துப்போகிறாள். பிறகு தினமும் வீட்டு வாசலில் ஈரத்தோடு வந்து நிற்கிறாள். அம்மா அவளைக் கடைசி வரை 'ஷீ' என்றுதான் சொல்கிறாள். அப்பாவும் பாதிரியாரும் 'இட்'. கடைசிக் காட்சியில் அப்பா எழுந்து போய்க் கதவைத் திறந்து முதல்முறையாக 'ஷீ' என்கிறார். நான் எழுதினேன்: "அவளுக்குக் குளிருது. உள்ளே வரட்டும்." படம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஓடுகிறது. அம்மா சொன்ன 'அவள்' எல்லாமும் இந்த 'அவளுக்கு'ம் டூலில் மாட்டின.

திங்கள்கிழமை நிரஞ்சன் கூப்பிட்டார்.

"மேடம், அந்தப் புள்ளைய 'அது'ன்னு மாத்திருங்க. டூல் அடிக்குதுங்க."

"மாத்தினா அப்பன் கடைசியில என்ன சொல்லுதான்னு வாசிச்சுப் பாருங்க."

வாசித்தார். "அதுக்குக் குளிருது. உள்ளே வரட்டும்." கொஞ்சம் யோசித்தார். "நாய்க்குட்டியச் சொல்ற மாதிரி இருக்குங்க."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

"இல்லீங்க மேடம், பேய் அஃறிணை. பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கறோம்."

"பேய் அஃறிணைதான். அந்தப் பிள்ள எப்ப அஃறிணை ஆச்சு? செத்தா திணை மாறிருமோ?"

மராத்திக்கு எழுதும் ஸ்மிதா பக்கத்து மேஜையில் இருந்தாள். என்ன சண்டை என்று இந்தியில் கேட்டாள், சொன்னேன். அவளுக்கு அந்த டூல் இல்லை. "முல்கி மேலி தரி முல்கீச் நா?" என்றாள். பெண் பிள்ளை செத்தாலும் பெண் பிள்ளைதானே என்று அர்த்தம். இவ்வளவு எளிய விஷயம் மராத்தி மேஜையில் புரிகிறது, தமிழ் மேஜையில் விவாதமாகிறது.

என் வீட்டுக்காரர் போன அன்று காலையில்கூட ஆஸ்பத்திரியில் "சார் டீ குடிச்சாரா" என்று விசாரித்தவர் ஒருவர் இருந்தார். நம் ஆள்தான், நிக்டியில் எங்கள் காலனி. அவரே மத்தியானம் என்னிடம் வந்து, "பாடி எத்தனை மணிக்கு வருது?" என்று கேட்டார். நாலு மணி நேரத்தில் 'குடிச்சாரா' போய் 'வருது' ஆகிவிட்டது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இதை நிரஞ்சனிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"புரியுதுங்க மேடம். ஆனா கிளையன்ட் ரூல். மாத்தலைன்னா மூணாவது சிவப்பு விழுந்துரும். அப்புறம் ஹாரர், த்ரில்லர் எதுவும் உங்களுக்கு வராதுங்க."

"விழட்டும். நான் மாத்த மாட்டேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. இளக்காரமாகத் தொடங்கிய வேலைதான், இந்த ஆறு வருடத்தில் எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்றும் இல்லாமல் போயிருந்தது.

4. ஒரே தட்டில்

மூன்றாவது சிவப்பு விழுந்தது. நான் மாற்றாததை வேறொருவரை வைத்து மாற்றினார்கள். அவர் படத்தைப் பார்க்கவில்லை. அவள், அவளுக்கு, வந்தாள், போனாள் எல்லாவற்றையும் கணினியில் ஒரே தட்டில் 'அது' ஆக்கிவிட்டார். அந்தப் பிள்ளை மட்டுமா மாறியது? உயிரோடு இருக்கும் அம்மாவும் மாறிப்போனாள். பாதிரியார் "உன் மனைவி எங்கே?" என்று கேட்கிறார். புருஷன், "சமையலறையில் அழுதுகொண்டிருக்கிறது" என்கிறான்.

படம் வெளியானது. ஒரு பார்வையாளர் மாய்ந்து மாய்ந்து எழுதியிருந்தார், அம்மாவும் பேய்தான் என்று தமிழ் சப்டைட்டில் மட்டும் முதல் காட்சியிலிருந்தே குறிப்புக் கொடுக்கிறதாம். என்ன நுட்பம் என்று பாராட்டு வேறு. மற்றவர்கள் காறித் துப்பியிருந்தார்கள். படம் முடிந்ததும் திரையில் 'தமிழாக்கம்' என்று போட்டு என் பெயர்.

காலையில் நிரஞ்சன் போன் செய்தார்.

"மேடம், கிளையன்ட் கத்தறாங்க. இன்னைக்குள்ள சரி பண்ணித் தர முடியுங்களா? அம்மாவ மட்டும் 'அவள்' ஆக்கினாப் போதுங்க."

"அம்மாவ மட்டும்னா நான் வரல. பிள்ளையையும் சேத்துன்னா இப்பவே உக்காருதேன்."

"டூலை நான் ஆஃப் பண்ணிடறேனுங்க. நீங்க பண்ணுங்க" என்றார்.

"அந்தச் சிவப்பு?"

"சிஸ்டத்துல ஏறினத எடுக்க முடியாதுங்க மேடம்."

தப்பு அவர்களுடையது, திருத்தியது நான், குறி மட்டும் எடுக்க முடியாதாம். நன்றாகத் திட்டினேன், அவரும் கேட்டுக்கொண்டார். சாயந்திரத்துக்குள் ஒவ்வொரு வரியாகத் திருத்தி அனுப்பினேன். பாதிரியாரின் 'அது' அப்படியே இருந்தது, அவர் அப்படித்தான் பேசுவார். அம்மாவின் 'அவள்' திரும்பி வந்தாள். அப்பாவின் கடைசி வரியை வைத்துவிட்டு இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

இப்போது எனக்குச் சமையல் நிகழ்ச்சிகள்தான் வருகின்றன. வெங்காயம் வதங்குகிறது, எண்ணெய் பிரிகிறது. எல்லாம் அஃறிணை, டூலுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. பேய்ப்படங்களை வீட்டில் என் காசில் பார்க்கிறேன், அவற்றின் தமிழ் வரிகளைப் பார்த்து வயிறெரிகிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. டெம்ப்ளேட்டில் ஒரு பேய் வந்தால், தமிழில் எழுதும் முன் அது யார் பெற்ற பிள்ளை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டதற்காகச் சிவப்பு விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கும் விழுந்தது, இன்னும் அப்படியே கிடக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை வீட்டுக்குள்ளே வந்துவிட்டாள்.