சபூராவின் குரலை வெட்டியவர்களுக்கு

ஆவடி கோவில்பதாகையில் என் வீட்டில் காலைச் சமையலில் இருந்தபோது பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. "நம் முன்னாள் மார்க்கக் கல்வி ஆசிரியை சபூரா மாரடைப்பால் காலமானார்." கீழே ஓர் அழும் முகம். அனுப்பியவர் தாளாளரின் மருமகன் ரஃபீக். அவளை 'முன்னாள்' ஆக்கியவரே அவர்தான். அடுப்பை அணைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

சபூரா என்னை அக்கா என்றழைத்தவள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

திருமுல்லைவாயிலில் நாங்கள் வேலை பார்த்த பள்ளியில் மார்க்கக் கல்வி கடைசிப் பாடவேளை. பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு மணிக்காகக் காத்திருப்பார்கள். சபூரா அவர்களிடமே கேள்வி கேட்டு வாங்கினாள். ஆன்லைன் விளையாட்டு ஹராமா? ஃபில்டர் போட்ட படம் பொய்யா? பதிலைக் கைபேசியில் பேசிப் பதிவுசெய்து, பள்ளியின் யூடியூப் பக்கத்தைக் கவனித்த ரஃபீக்குக்கு அனுப்புவாள். தமிழ் சரியா என்று பார்க்க, தமிழாசிரியையான எனக்கும் வரும். பிள்ளைகள் மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

ஆட்டோ ஓட்டும் தகப்பன் ஒருவர் வாசலில் அலுத்துக்கொண்டார். "இன்னா மிஸ், ஊட்டுக்கு வந்தாலும் எம்பொண்ணு உங்க வீடியோவையே பாத்துகினு கீது. கேள்வி கேட்டே கொல்லுது!"

"கேக்கட்டும் பாய். கேக்கற பிள்ளைதான் நிலைச்சு நிக்கும்" என்று சிரித்தாள் சபூரா.

அந்தப் பெண் பர்வீன். "அல்லாஹ் இருக்கானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று ஒருநாள் எழுதிக் கொடுத்தாள். அவள் சம்மதத்தோடு, பெயரைச் சொல்லி, சபூரா அந்த வரியை வாசித்துப் பதில் சொன்னாள். தான் போடும் சொற்பொழிவுகளை யாரும் பார்ப்பதில்லை என்ற எரிச்சலில் இருந்த ரஃபீக், முழுப் பதிவைப் பக்கத்தில் ஏற்றாமல் வாசித்த வரியை மட்டும் வெட்டியெடுத்து, ஆசிரியையின் சொந்தப் பேச்சைப்போல் பரப்பினார். ஆவடி முதல் பூந்தமல்லி வரை அது குழு குழுவாக ஓடியது. அந்த வாரமே அவளை நீக்கினார்கள்.

என்னிடமிருந்த முழுப் பதிவையும் வெளியிடுகிறேன் என்றேன். "வேணாங்க்கா. என்னைத் திட்டுற வாய் நாளைக்கு அந்தப் பொண்ணைத் திட்டும். அது படிக்கணும்" என்று தடுத்துவிட்டாள். சாகும்வரை அவளும் வாய் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ரஃபீக் மேடையில் உட்கார்ந்திருந்தார். இப்போது கல்லூரியில் படிக்கும் பர்வீன் தகப்பனோடு என்னிடம் வந்தாள். "அந்த முழு வீடியோவைப் போடுங்க மிஸ். என் பேரோட போடுங்க."

என்னைப் பேச அழைத்தார்கள். கைபேசியைத் திரையோடு இணைத்து முழுப் பதிவை ஓடவிட்டேன். பர்வீனின் வரியை வாசித்துவிட்டு, "சந்தேகம் பாவமில்ல பர்வீன். தேடுறவளுக்குத்தான் சந்தேகம் வரும். வா, சேர்ந்து தேடுவோம்" என்றாள் சபூரா.

ரஃபீக் எழுந்தார். "மேடம், இது அஞ்சலிக் கூட்டம். நிறுத்துங்க."

"நீ குந்து நைனா. செத்தவங்க பேசிகினு கீறாங்க" என்றார் பர்வீனின் தகப்பன். காணொளி முடிந்ததும் அவரே கேட்டார்: "அப்போ இத்த வெட்டுனது யாரு?"

கூட்டம் முழுக்க மேடையைப் பார்த்தது. ரஃபீக் பக்கவாசல் வழியாக வெளியேறினார். மறுநாள் எனக்கு மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினார். அதைக் கேட்க வேண்டியவளை அடக்கம் செய்தாயிற்று என்று பதில் எழுதினேன்.

குழுவில் நீங்கள், சபூரா அவரை மன்னித்திருப்பாள் என்கிறீர்கள். இருக்கலாம், அவள் நல்லவள். அந்தத் துண்டைப் பரப்பிய நீங்கள் இதையும் பரப்புங்கள், வெட்டாமல். அவளுடைய கோபமில்லாத குரல் என்னிடம் இருக்கிறது. அவள் படாத கோபத்தையும் நானே வைத்துக்கொள்கிறேன்.