தொங்கட்டான் பிடிக்கிறவர்

கிளையில் ஏறி உட்கார்ந்தாரோ இல்லையோ, லொடலொட அக்காவின் வாய் தானாக மூடிக்கொள்கிறது. தரையில் இருக்கும்வரை அவர் கால் ஓர் இடத்தில் நிற்காது. வாய் அதைவிட மோசம். "இவ தூக்கத்துல கூட நாலு தெரு சுத்திட்டு வந்துருவா" என்பார் கணவர்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த தொழில், ஆடாமல் அசையாமல் இருப்பது.

தொங்கட்டான் என்றால் காதில் போடுவதல்ல. நிழல்மரத்தின் கிளையில் ஆள் உயரத்துக்குத் தலைகீழாகத் தொங்கும் ஊதாச் செடி. வேரைக் கிளைக்குள் செருகிவிட்டுக் காற்றில் ஊஞ்சலாடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மரத்தின் சாறு ஒரு மடக்கு உள்ளே போகும். வீட்டோடு வந்து உட்கார்ந்துவிட்ட மாப்பிள்ளைக்குக் கூட இவ்வளவு சுகம் கிடைக்காது. வெட்டினால் வேர் உள்ளேயே தங்கி, ஒன்றுக்கு நாலாக முளைக்கும். ஆடவிடாமல் பிடித்துக்கொண்டாலோ, மரம் செத்துவிட்டது என்று எண்ணித் தானே பிடியை விடும். அதற்கு அரை நாள் ஆகும். நடுவில் கை கொஞ்சம் ஆடினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தும்மல் வந்தால் என்ன செய்வாய் என்று தங்கை ஒருமுறை கேட்டாள்.

"முழுங்கிருவேன்" என்றார் அக்கா.

இன்று அவர் ஏறியிருப்பது தம் தெருவின் ஒரே மரத்தில். இரண்டு சூரியன்கள் காயும் இந்த உலகில், நிழல் போனால் பன்னிரண்டு வீட்டையும் காலி செய்ய வேண்டும். அவர் வீடும் அதில் ஒன்று. செடி அடுத்த தெருவுக்கும் பரவிவிடும் என்று மரத்தை வெட்டச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி, இரண்டாம் சூரியன் கூரையைத் தொடும்வரை தவணை வாங்கியிருந்தார்.

"நேத்து முளைச்ச செடிக்கே இவ்வளவு வீம்புன்னா, எனக்கு எவ்வளவு இருக்கும்?" ஏறும்போது சொன்னது அது. அதன்பின் பேச்சில்லை.

இரண்டாம் சூரியன் கூரையைத் தொட்டது. செடியின் பதினோரு வேர்களில் ஒன்பது கழன்றிருந்தன, இரண்டு பாக்கி. நேரம் முடிந்தது, இறங்குங்கள் என்று மரத்தை வெட்ட ஆளோடு வந்திருந்த மேற்பார்வையாளர் கீழிருந்து சொன்னார். அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தோள் குலுங்குமே என்று அதையும் விழுங்கினார். வெட்டுக்காரர் ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு, அவரை இறக்கிக் கூட்டிவர, கிளையில் சாய்த்திருந்த ஏணியை நோக்கி நடந்தார்.

இரண்டு கைகளும் செடியைப் பிடித்தபடியே இருக்க, அக்கா வலது காலை மட்டும் மெல்ல நீட்டி, கட்டைவிரலால் ஏணியைத் தள்ளிவிட்டார்.