அண்ணன் தரிசாக விட்ட ஆறு சால்

முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில், என் புஞ்சைக்கும் அண்ணன் புஞ்சைக்கும் நடுவே ஒரு வரப்புதான். நான் போடுவது கருங்கண்ணி, நாட்டுப் பருத்தி. அண்ணன் பி.டி. பருத்திக்கு மாறிவிட்டார். மரபணு மாற்றிய விதை வேண்டாம் என்று நான் ஊர் ஊராகப் போய்ப் பேசுவேன். காய்ப்புழுவுக்கு மருந்தடித்து மயங்கி விழுந்தவர் அவர். பி.டி.க்கு அந்த மருந்து வேண்டாம் என்பது அவர் நியாயம். இருந்தாலும் களையெடுப்பு நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து ஒரே தூக்குவாளியில்தான் கஞ்சி குடிப்போம். திட்டிக்கொண்டேதான் குடிப்போம்.

ஒரு வருஷம் என் காட்டில் அங்கங்கே அண்ணன் காட்டுச் செடி மாதிரி அகல இலையோடு வேறு செடி எழும்பி நின்றது. கோபத்தில் எனக்குக் கண்மண் தெரியவில்லை. அந்த வாரமே விவசாயிகள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, அண்ணன் காட்டு மகரந்தம் என் விதையைக் கெடுத்துவிட்டது என்றேன். வரப்பை ஒட்டி ஆறு சால், ஆறு உழவு வரிசை அகலத்துக்கு அவர் விதைக்கக் கூடாது என்றும் கேட்டேன். மூன்றாவது வரிசையில் இருந்த அண்ணன் எழுந்து, சரி, விட்டுவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு பேச்சு நின்றது. தங்கச்சி எனக்கு வரவேண்டிய பொங்கல் சீரை மதினி கொண்டுவந்தார், அவர் வரவில்லை. ஆறு சாலிலும் கோரை மண்டியது. தனியாகக் குடித்த கஞ்சி எனக்கு இறங்கவில்லை. அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்கும். ஒரு வார்த்தை திட்டினாலாவது போதும் என்று ஏங்கிப்போனேன்.

ஐந்து வருஷம் கழித்து, போன பங்குனியில் ஒரு விதைப் பயிற்சிக்குப் போனேன். கருங்கண்ணியும் பி.டி.யும் வேறு வேறு இனம், பக்கத்தில் நின்றாலும் மகரந்தத்தால் கலக்காது என்றார்கள். பஞ்சையும் விதையையும் பிரிக்கிற அரவை மில்லில்தான் கலக்குமாம். எப்போதும் கையால் விதை பிரிக்கிற நான், அந்தச் செடிகள் முளைத்ததற்கு முந்தின வருஷம் மட்டும் சோம்பல்பட்டு, அண்ணன் மூட்டைகளோடு என் மூட்டையையும் மில்லுக்கு ஏற்றிவிட்டிருந்தேன். மெஷினில் முதலில் ஓடியது அவருடையது, அடுத்தது என்னுடையது. வந்த விதையைச் சாணிப்பாலில் உருட்டி விதைத்தும்விட்டேன். உருட்டிய பிறகு எது எந்த விதை என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலையிலேயே அண்ணன் காட்டுக்குப் போனேன். பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காட்டுல கலக்காதாம். மில்லுலதான் கலந்துருக்கு. தப்பு என்மேலதான்."

அவர் நிமிரவில்லை. "கூட்டத்தன்னைக்கே தெரியும்த்தா. ஒங் காட்டுச் செடியப் பாத்துட்டு, விவசாய ஆபீசர்ட்ட கேட்டுட்டுத்தான் கூட்டத்துக்கே வந்தேன்."

அப்படியென்றால் அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அத்தன பேரு முன்னாடி ஒன்னையப் பொய்க்காரியாக்கச் சொல்றியா?"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஐந்து வருஷமாக அந்த ஆறு சாலைக் காட்டி, தப்புச் செய்தவர்தான் இப்படி வாய்மூடிப் போவார் என்று, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.