பிரிஜ் இல்லாத கடை

பிரஷாந்திக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது களுவாஞ்சிக்குடியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்த வாய்க்கு ஏற்ற கையும் அவளுக்கு இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். திவாகரனின் ஸ்டூடியோவில் வருடக்கணக்காகக் கல்யாண அல்பம் செய்தவள். கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வராமல் விட்ட மாமனைக் கொண்டுவந்து மணவறைக்குப் பக்கத்தில் நிறுத்து என்றால் நிறுத்திவிடுவாள். பிறகு அல்பத்தைப் புரட்டுகிற மாமனுக்கே, நாம் போய்த்தான் வந்தோமோ என்று சந்தேகம் வந்துவிடும்.

அவளுடைய புதுத் தொழில் ஒரு பேக்கரியில் தொடங்கியது. பணிஸ் வாங்கப் போனவள் சுவரில் இருந்த டீவியை அண்ணாந்து பார்த்தாள். ஒருவரும் பார்க்காத நாடகம் ஒன்று அதில் அழுதுகொண்டிருந்தது.

“அண்ணன், கரண்டுக்குக் காசு கட்டி இந்த அழுகைய ஏன் ஓட்டுறீங்க? உங்கட கேக்குகளக் காட்டினா என்ன?”

“டீவியில கேக்குகள எப்பிடிப் புள்ள காட்டுறது?”

“நான் காட்டுறன், பொறுங்க.”

டீவியின் பின்பக்கத்தில் செருகிப் படம் பார்க்கிற பெருவிரல் அளவு ஸ்டிக் ஒன்று அவள் வீட்டில் இருந்தது. அதைக் கழற்றி வந்து பேக்கரி டீவியில் செருகினாள். கடை விளம்பரம் ஓட்டுகிற ஆப் ஒன்றை அதில் ஏற்றி, கேக்குகளைத் தானே படம் எடுத்துப் போட்டாள். இனி வீட்டில் இருந்தபடியே போனில் படத்தை மாற்றலாம், விலையை மாற்றலாம். பிள்ளைகள் டீவியைக் காட்டி ‘அந்தக் கேக்’ என்று அடம்பிடிக்கத் தொடங்கின. பேக்கரியைப் பார்த்து மருந்துக்கடை கேட்டது, பிறகு ஐஸ்கிரீம் கடை, கோழிக்கடை. இதற்கென்றே செய்த பெட்டிகளைக் கொழும்புக் கம்பனிகள் விற்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றின் விலையைக் கேட்ட கடைக்காரர்கள் மின்விசிறிக்குக் கீழே போய் நின்றுகொண்டார்கள்.

பிரஷாந்தி ஸ்டூடியோ வேலையை விட்டாள். திவாகரன் கோபிக்கவில்லை, சிரித்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“போய்ப் பாரு புள்ள. வீட்டுல படம் பார்க்கிற சாமான வச்சி எத்தின நாளைக்குப் பிழைப்பாய்? உன்ட கதிரைய நான் எடுக்க மாட்டன்.”

“அந்தக் கதிரையில இனி நான் இரிக்க மாட்டன் அண்ணன்,” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

சொன்ன வாயைக் காப்பாற்ற வேண்டுமே! களுவாஞ்சிக்குடியில் டீவி உள்ள கடைகள் எல்லாம் முடிந்துவிட்டன. அடுத்தது காத்தான்குடி. அங்கே பிரதான வீதியில் கடைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும், ஒரு கடையில் நடப்பது அடுத்த கடைக்குத் தெரிய ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் போதும். அசனார் ஹாஜியாரின் புடவைக்கடையில் டீவி நன்றாக ஓடினால் தெருவே அவளைக் கூப்பிடும். ஓடாவிட்டால், திவாகரனின் கதிரை காத்திருக்கிறது.

நோன்பு தொடங்கி, பெருநாள் வியாபாரம் சூடு பிடித்த நேரம். வியாழன் பின்னேரம் கடை வாசலில் வீதியைப் பார்த்தபடி பெரிய டீவி ஏறியது. வயர் ஒன்றும் வெளியே தெரியாமல் பிளாஸ்டிக் கேசிங்குக்குள் மூடி, ஸ்டிக்கையும் பின்னால் ஒளித்து, அபாயா, சாரன், பஞ்சாபி உடுப்புப் படங்களை மாறி மாறி ஓடவிட்டாள். ஹாஜியார் வீதிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். “மாஷா அல்லாஹ், கட பெருத்துப் போன மாதிரி இரிக்கு,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் மறுபடி வந்து பார்த்தபோது டீவியில் விளம்பரம் இல்லை, ஸ்டிக்கின் முகப்புத்தான் நின்றது. ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கும் என்று நினைத்தாள். ரிமோட்டை அழுத்தி ஆப்பைத் திறந்துவிட்டு, ரிமோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். களுவாஞ்சிக்குடிக் கடைகளில் ரிமோட்டை விட்டுவைத்தால் வேலைக்காரப் பொடியன்கள் கிரிக்கெட் போட்டுவிடுவார்கள், அந்த அனுபவம். கெட்டித்தனம் என்று நினைத்துச் செய்த வேலை, பாருங்கள்!

பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஹாஜியார் எல்லாரையும் வெளியே அனுப்பி, வழக்கம்போல மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டினார். ஒருமுறை கரண்ட் கோளாறில் ஒரு றாக்கை நிறைய அடுக்கிய புடவை கருகிப்போன நாளிலிருந்து, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மெயினை விட்டுவைக்கிற ஆள் இல்லை அவர். தொழுகை முடிந்து வந்து திறந்தார், மெயினை ஏற்றினார்.

டீவி எரிந்தது. ஆப் வரவில்லை, முகப்பு வந்தது. அந்த முகப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலே புதுப்படம் ஒன்று வந்துவிட்டால் அதன் விளம்பரம் தானாக ஓடத் தொடங்கும், சத்தத்தோடு; காலையில் இல்லாத படம் ஒன்று இப்போது வந்திருந்தது. நோன்பு மாதத்து ஜும்ஆ முடிந்து தொப்பியோடு சனம் வீதி நிறைய வந்துகொண்டிருக்க, கடை வாசலில் ஒரு நடிகை மழையில் நனைந்து ஆடினாள்.

“அல்லாஹ்வே! நிப்பாட்டுங்கடா!”

எதை வைத்து நிற்பாட்டுவது? டீவிக்கும் ஸ்டிக்குக்கும் ஒரே ரிமோட், அது களுவாஞ்சிக்குடியில். வயரைப் பிடுங்கலாம் என்றால் எல்லாம் கேசிங்குக்குள். மெயினை இறக்கினார், ஆட்டம் நின்றது, மின்விசிறியும் நின்றது, உள்ளே சனம் வேர்த்து விறுவிறுத்தது. ஏற்றினார், அதே நடிகை முதலிலிருந்து ஆடினாள். கடைசியில் ஒரு கட்டில் விரிப்பை எடுத்து டீவிக்கு மேலே எறிந்தார். விரிப்புக்குள் இருந்து பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கடையிலிருந்து அழைப்பு வந்ததும் பிரஷாந்தி வீட்டிலிருந்தே போனில் என்னென்னவோ அனுப்பிப் பார்த்தாள். அனுப்பியதெல்லாம் திறக்காத ஆப்புக்குப் போனது. அடித்துப் பிடித்து பஸ் ஏறினாள். ஆரையம்பதி வரும்போது முன் சீட்டில் இருந்தவரின் போனில் அதே பாட்டு, அதே கட்டில் விரிப்பு. யாரோ வீடியோ எடுத்து உலகத்துக்கே அனுப்பிவிட்டார்கள். கண்ணில் தண்ணீர் முட்டியது, இறங்குவதற்கு முன்பே துடைத்துக்கொண்டாள். திவாகரனிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: ‘கதிரை தூசு தட்டி வச்சிருக்கன்.’

ஹாஜியார் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“கழட்டிட்டுப் போ மகள். கொழும்பு ஆக்களக் கூப்பிடப் போறன்.”

“பிழை என்ட, ஹாஜியார். இல்லெண்டு சொல்லல்ல. ஆனா என்ன பிழையெண்டு இப்பத்தான் விளங்குது. உங்கட கடையில பிரிஜ் இல்ல.”

அவர் இப்போது நிமிர்ந்தார். “புடவக்கடையில பிரிஜ் என்னத்துக்குப் புள்ள?”

“நான் இவ்வளவு நாளும் டீவியில விளம்பரம் போட்ட கடை எல்லாத்திலயும் பிரிஜ் இரிந்திச்சி. கேக், மருந்து, ஐஸ்கிரீம், கோழி. அவங்க ஒருக்காலும் மெயின இறக்க மாட்டாங்க, இறக்கினா சாமான் பழுதாப் போகும். அதால ஸ்டிக்கும் நிக்காம ஓடிச்சி. நீங்க ராவைக்கும் இறக்குறீங்க, ஜும்ஆவுக்கும் இறக்குறீங்க. அத நான் கேட்டிருக்கணும், கேட்கல்ல.”

பெண்கள் பகுதியில் நிற்கிற கைறுன்னிஸா மெதுவாக வாய் திறந்தாள். “ஹாஜியார், விடியவில இருந்து அந்த டீவியில காட்டின அபாயாவக் கேட்டுத்தான் ஆக்கள் வந்தாங்க. அதையும் யோசிங்க.”

“வாற வெள்ளி மட்டும் தவணை தாங்க,” என்றாள் பிரஷாந்தி. “நீங்களே இறக்குங்க, நீங்களே ஏத்துங்க. பிழைச்சா நானே கழட்டிட்டுப் போறன்.”

ஹாஜியார் தாடியைத் தடவினார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று பின்னேரத்துக்குள், புடவைக்கடையில் பிரிஜ் இல்லாததுதான் குற்றமாம் என்று தெரு முழுவதும் சொல்லிச் சிரித்துவிட்டார். சிரித்தவர் கழற்ற மாட்டார் என்று அவள் தைரியம் கொண்டாள்.

கடை ஸ்டிக்கை மட்டும் கழற்றிக் கொண்டுபோய் வீட்டு டீவியில் செருகிப் பார்க்க, அந்தக் கிழமை முழுவதும் அவள் வீட்டு மெயின் இறங்கி ஏறியது. “சோறு அரைவேக்காட்டில நிக்குதுடி!” என்று குசினியிலிருந்து தாய் இரத்தினம்மா கத்தினாள். ஆப் தானாகத் திறக்கும்படி செய்து பார்த்தாள். திறந்தது, ஆனால் அதற்கு முன் அந்த நடிகை தலைகாட்டிவிட்டுத்தான் போனாள். காத்தான்குடியில் அந்தத் தலையே போதும். அப்போதுதான் அலுமாரிக்கு மேலே கிடந்த சின்னப் பெட்டி கண்ணில் பட்டது. நாடு இருட்டில் கிடந்த காலத்தில், கரண்ட் போனாலும் வைஃபை நிற்காமல் இருக்க வாங்கிய பற்றரிப் பெட்டி. ஸ்டிக்கை அதில் கொளுவினாள். மெயினை இறக்க டீவி அணைந்தது, ஸ்டிக் அணையவில்லை. மறுபடி ஏற்ற, கரண்ட் வந்ததும் தானாக எரியும்படி வைத்திருந்த டீவி நேரே விளம்பரத்தில் கண் விழித்தது. ராத்திரி முழுக்க இறக்கி வைத்தும் பார்த்தாள். பெட்டி தாங்கியது. வியாழன் பின்னேரம் ஸ்டிக்கையும் பெட்டியையும் கடை டீவிக்குப் பின்னால் பொருத்தினாள்.

அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்தது. வழக்கத்தை விட அதிகம் சனம் அந்தக் கடை வாசலில் தேங்கி நின்றது. சிலர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். வந்த காரியம் என்னவென்று கேட்கத் தேவையில்லை. பிரஷாந்தி எதிரே மருந்துக்கடை வாசலில் நின்றாள். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஹாஜியார் உள்ளே போய் மெயினை ஏற்றினார். டீவி கறுப்பாகவே நின்றது. இன்னும் கறுப்பு. பிறகு, ‘ஜும்ஆ முபாரக், கடை திறந்திருக்கிறது’ என்ற எழுத்தும், அதன் பின்னால் நீல அபாயாவும் வந்தன.

“சே, பாட்டு வரல்ல,” என்றான் ஒருவன். போன்கள் கீழே இறங்கின.

ஹாஜியார் விடுகிற ஆளா? மறுபடி இறக்கினார், ஏற்றினார். நீல அபாயா. இன்னொரு தரம், வேண்டுமென்றே கொஞ்ச நேரம் விட்டு ஏற்றினார். பச்சைப் பஞ்சாபி. வாசலுக்கு வந்து வீதிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

“ரிமோட்டக் கொண்டு வா மகள். அது கல்லாப்பெட்டிக்குள்ள இரிக்கட்டும்,” என்றார். “மேல் மாடிக்கும் ஒரு டீவி பூட்டணும்.”

அவள் வீதியைக் கடப்பதற்குள் பக்கத்துச் செருப்புக்கடை நிஸ்தார் குறுக்கே வந்து நின்றார்.

“என்ட கடையிலயும் பிரிஜ் இல்ல புள்ள. பரவாயில்லயா?”

பிரஷாந்தி வாய் விட்டுச் சிரித்தாள். அங்கேயே, வீதி நடுவில் நின்றபடி போனை எடுத்துத் திவாகரனுக்கு எழுதினாள்: ‘அண்ணன், கதிரைய வேற ஆளுக்குக் குடுங்க.’