உலைக்கு எந்த ல

பூந்தமல்லியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் பதினொரு வருடம் மேட்டர் எழுதினேன். பேனரிலும் போஸ்டரிலும் வரும் வாசகத்துக்கு எங்கள் தொழிலில் மேட்டர் என்று பெயர். காதுகுத்து, கடைத் திறப்பு, தலைவர் பிறந்தநாள் எல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் என்னைத் தேடி ஆள் வந்தது கண்ணீர் அஞ்சலிக்குத்தான். இறந்தவரைப் பற்றி நாலு கேள்வி கேட்பேன், மூன்று வரி எழுதிக் கொடுப்பேன்.

என் மனைவி அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனியில் இருந்தாள். சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறியதும் என் போனுக்கு ஒரு ரிங் விட்டுக் கட் செய்வாள். திருமுல்லைவாயில் வீட்டில் நான் உலை வைப்பேன். அவள் ஸ்டேஷனிலிருந்து நடந்து வருவதற்குள் சோறு வெந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல், ஐந்தே நாள், போய்விட்டாள். அவள் போஸ்டருக்கும் நான்தான் எழுதினேன்.

ரயில் ஏறினால் ஒரு ரிங் விடுவாயே,
இன்று ஏறினாயா, சொல்,
உளை கொதிக்கிறது.

சுவரில் ஒட்டிய பிறகுதான் பார்த்தேன். ஊரார் வீட்டுச் சாவில் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிடாதவன், என் வீட்டுச் சாவில் உலைக்கு ளகரம் போட்டிருந்தேன். மாற்றி அடிக்கலாம் என்றார்கள். அந்த மூன்று வரிக்கு முன்னால் மறுபடி உட்கார எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

போன வருடம் கடைக்காரர் போனில் ஏஐ வந்தது. நான் பதினொரு வருடம் எழுதியதையெல்லாம் அம்மா, அப்பா, மனைவி என்று தலைப்புப் போட்டுக் கடை கம்ப்யூட்டரில் அடுக்கி வைத்திருந்தேன். அதை மொத்தமாக அதற்குள் ஏற்றி, இதேபோல் எழுது என்றார். வேலியில் போன ஓணானை நானே எடுத்து மடியில் கட்டியிருக்கிறேன். அதன்பிறகு என்னைக் கூப்பிடுவது குறைந்தது, ஒருநாள் நின்றும் போனது.

வானகரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அந்தப் போஸ்டரைப் பார்த்தேன். படத்தில் இருந்தவர் வெல்டிங் பட்டறைக்காரர். கீழே என் மூன்று வரி. வானகரத்தில் ரயிலே கிடையாது. பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்கப் போனவன், கடைசி வரியில் நின்றுவிட்டேன். 'உலை' என்று சரியாக இருந்தது. ஏஐ என் பிழையைத் திருத்திவிட்டு என் பெண்டாட்டியை வேறொருவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அங்கிருந்து நேராகக் கடைக்குப் போய்க் கத்தினேன்.

"இன்னா அண்ணாத்தே, மூணு வரிக்கு இம்மாம் சத்தம்?" என்றார் கடைக்காரர். "மேட்டர் கஸ்டமருது, டிசைன் கடையுது. இதுல உன்னுது இன்னா கீது? அம்மாவுக்கு எழுதுனத அப்பான்னு மாத்தி நீயே எத்தினி பேருக்கு குட்த்துகீறே?"

கொடுத்திருக்கிறேன்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மூன்று வரியை யாருக்கும் கொடுத்ததில்லை, ஒரு சொல்லைக்கூட.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருமுனை அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கூட்டம் நடந்தது. 'ஏஐ எழுதியது யாருக்குச் சொந்தம்?' என்று நோட்டீஸ். அந்த நோட்டீஸையே ஏஐதான் எழுதியதாகப் பெருமையாகச் சொன்னார்கள். ஒருவர் சட்டம் வேண்டும் என்றார். சட்டம் போட்டால் நாடு பின்தங்கிவிடும் என்றார் இன்னொருவர். மனுஷனும் படித்துத்தானே எழுதுகிறான் என்றார் மூன்றாமவர். நடுவில் சமோசா வந்தது. நான் எழுந்து என் போஸ்டரையும் வானகரத்துப் போஸ்டரையும் போனில் காட்டினேன். ஐடியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தான்.

"சார், உங்களுதுல 'உளை'ன்னு இருக்கு, அதுல 'உலை'. ரெண்டும் ஒண்ணுன்னு எப்படிச் சொல்றது?"

சிலர் சிரித்தார்கள். அவள் பெயரில் நான் செய்த ஒரே பிழை எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது. செத்துவிடலாம் போலிருந்தது. கூட்டம் முடிந்ததும் ஒரு வக்கீலம்மா மட்டும் கிட்டே வந்தார். கடைக்காரர் இதை ஏஐ எழுதியதாகச் சொல்லித்தான் கொடுத்தார் என்று அந்த வானகரத்துக் குடும்பம் ஒரு கடிதம் தந்தால் ஏதாவது செய்து பார்க்கலாம் என்றார். எனக்கு வேறு வழியில்லை. கடிதத்தை நானே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் வானகரம் போனேன். அவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

பட்டறைக்காரரின் மனைவி கதவைத் திறந்தார். போஸ்டர் கடையிலிருந்து வருகிறேன் என்றதும் உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"ரயிலு கியிலு இன்னாத்துக்குன்னு தெர்ல. ஆனா அவரும் பட்டறைய மூடிகினு ஒரு ரிங் வுடுவாருண்ணா. உல வெக்கணும்ல? நான் யாராண்டயும் சொன்னதில்ல. மிஷினு எழுதுனதுன்னு கடைல சொன்னாங்க, அதுக்கு எப்டிண்ணா தெரிஞ்சிச்சி? தெனம் போயி அத்த படிச்சிட்டு வரேன்."

பையில் தாள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. "அது நான் எழுதினதும்மா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அந்த மிஷினாண்ட வேலை பாக்கறது நீங்கதானாண்ணா? முப்பதாம் நாளுக்கும் அதையே போட சொல்லுங்கண்ணா. ஒரு எழுத்து மாறக் கூடாது."

என் மூன்று வரியில் ஒரு எழுத்தும் மாறக் கூடாது என்று கேட்டது உலகத்தில் அவர் ஒருவர்தான்.

"சரிம்மா, சொல்றேன்" என்றேன்.