நாலு தலைமுறை பார்த்த சீட்டுக் குடம்

போன வாரம் ஒரே நாளில் என் பித்தளைக் குடத்துக்கு நாலு தலைமுறை வயது கூடிவிட்டது!

(தீபாவளிச் சீட்டு கட்டி ஆறு வருஷம் முன்பு வாங்கியது.)

பரணில் இடமில்லை என்று, பழைய சாமான் விற்கிற ஆப்பில் போட்டிருந்தேன். "பித்தளைக் குடம். புழங்கியதில்லை. பரணிலிருந்து இறக்கும்போது விழுந்து சின்ன நசுங்கல்." விலை, வாங்கியதில் பாதி.

யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் "ஃப்ரீயா தருவீங்களா?" என்று கேட்டார்.

முகப்பேரிலிருந்து வந்திருந்த நாத்தனார் சுமதி, என் போனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னா அண்ணி, இப்டி எய்தினா காயலாங்கடைக்காரன்கூட வரமாட்டான். குடு இங்க!"

அவள் எழுதியது: "எங்கள் கொள்ளுப்பாட்டி மாங்காடு அம்மனுக்குத் தீர்த்தம் சுமந்த குடம். நசுங்கல், அன்றைய கூட்ட நெரிசலில் ஏற்பட்டது." விலை மூன்று மடங்கு!

(நசுங்கலுக்கும் வரலாறு!)

நான் பூஜையை முடித்து வருவதற்குள் மெசேஜ் குவிந்திருந்தது.

"அம்மன் பேர்ல ஏண்டி பொய்?"

"பொய்யா? டிஸ்கிரிப்ஷன், அண்ணி!"

அவள் கிளம்பியதும் அந்த விளம்பரத்தை அழித்தேன். ஆனால் வேப்பம்பட்டிலிருந்து ஒரு பெண், சுமதி அனுப்பியிருந்த முகவரியோடு அதற்குள் ரயிலேறிவிட்டாள். பெயர் திவ்யா. புதுசாகக் கல்யாணமானவள். வந்ததும் குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை.

"அது கதைம்மா. இது சீட்டுல வந்த குடம். பழைய விலைக்கே எடுத்துக்கோ, வேணாம்னாலும் பரவால்ல."

அவள் முகம் வாடிவிட்டது.

"பழசா இருந்தா நல்லாருக்கும்க்கா. எங்கம்மா ஊட்டு பித்தளைய எல்லாம் வித்துதான் என்னப் படிக்க வச்சாங்க. இப்போ அவங்களும் இல்ல. 'உங்காத்தா ஊட்லேர்ந்து ஒரு சொம்புகூட வரலியே'ன்னு மாமியார் தெனிக்கும் சொல்லிக்கினு கீறாங்க."

ஆனாலும் வாங்கிக்கொண்டாள். வெறுங்குடமாகக் கொடுத்தனுப்பக் கூடாதே என்று ஒரு பிடி அரிசி, ஒரு மஞ்சள் கிழங்கு உள்ளே போட்டு, குங்குமம் வைத்துக் கொடுத்தேன். (வீட்டுக் கணக்கில் அரிசியைத் தானம் என்று எழுதிக்கொண்டேன்.)

இன்று மத்தியானம் போன்.

"பெரிமா!"

"யாரும்மா?"

"திவ்யா. குடத்தப் பாத்துட்டு மாமியார், 'எந்தக் கடையில வாங்கினு வந்து சீர்னு காட்ற?'ன்னு உள்ள கைய உட்டாங்க. அரிசியும் மஞ்சளும் வந்துச்சி. 'விக்கிறவ எவ அரிசி போட்டுக் குடுப்பா? இது சொந்தக்காரங்க குடுத்ததுதான்'னு அவங்களே சொல்ட்டாங்க. யாருன்னு கேட்டாங்க... அம்பத்தூர்ல எங்க பெரிமான்னு சொல்ட்டேன். கோச்சிக்காதீங்க."

சுமதி எழுதிய பொய்யை நான் நீக்கிவிட்டுத்தான் விற்றேன். என் பிடி அரிசி போய் இன்னொரு பொய்க்குச் சாட்சி சொல்லியிருக்கிறது!

"சரி, அதான் நம்பிட்டாங்களே. அப்புறம் என்ன?"

"ஞாயித்துக்கிழமை உங்களப் பாக்க வராங்க."

சொந்தமில்லை என்று சொன்னால் அந்தப் பெண் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்வாள்? சொல்லாவிட்டால் நான் அம்மன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

சுமதியைக் கேட்டேன்.

"கதை எய்தித் தரட்டா அண்ணி?"

"நீ அன்னிக்கு இந்தப் பக்கம் வராம இருந்தாலே போதும்டி."

கொஞ்ச நேரம் பூஜை அறையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு திவ்யாவைப் போனில் கூப்பிட்டேன்.

"உங்கம்மா இருந்திருந்தா இப்போ என்ன வயசும்மா?"

"அம்பது, பெரிமா."

எனக்கு ஐம்பத்திரண்டு. கணக்கு சரியாகத்தான் வருகிறது.

வருகிற சம்பந்தியம்மாவுக்குப் பாயசம் சேமியாவா, பருப்பா? சொல்லுங்கள்!