மாடி அறைக் குடித்தனக்காரர்

வாடகை வருமானம் என்றால் உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு என்று எனக்குச் சொன்னவர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியவில்லை. கையில் கிடைத்தால், உழவர்கரையில் நான் வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டு போர்ஷன்களையும் ஒரு மாதம் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். மோட்டார் ஓடவில்லை, கக்கூஸ் அடைத்துக்கொண்டது, பக்கத்து போர்ஷன்காரர் பைக்கை வழியில் நிறுத்துகிறார் என்று போன் வந்தபடியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு என்பதே மறந்துவிட்டது.

அந்த அலுப்பு போதாதென்று ஏலத்தில் வேறு ஒரு வீட்டை எடுத்தேன். கொரோனா காலத்தில் படுத்துக் கிடந்த வீட்டு விலை மெல்ல எழுந்துகொண்டிருந்த சமயம். சென்னைக்காரர்கள் சனி ஞாயிறு வந்து தங்குவதற்கென்றே இங்கே பாண்டிச்சேரியில் வீடு தேடினார்கள். புரோக்கர்கள் மறுபடியும் இஸ்திரி போட்ட சட்டையோடு நடமாடினார்கள். அவர்களில் ஒருவர்தான், கடன் கட்டாத வீடு ஒன்றைக் கருவடிக்குப்பத்தில் பேங்க் ஏலம் விடுகிறது, எடுத்துக் கொஞ்ச நாள் வைத்திருந்து கைமாற்றினால் போதும் என்று ஆசை காட்டினார். நானும் இன்னொரு பேங்கில் கடன் வாங்கி எடுத்துவிட்டேன்.

'உள்ளது உள்ளபடி' என்று ஏல அறிவிப்பில் போட்டிருந்தார்கள். உள்ளே ஆளும் இருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள எனக்கு அனுபவம் போதவில்லை. வீட்டைப் பார்க்கப் போன அன்று கதவைத் திறந்தவர் பழைய சொந்தக்காரர். மனைவியை இழந்தவர். பின்னால் அவருடைய மகள், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள், சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி நின்றாள். டூரிஸ்ட் வேன் வாங்குவதற்காக வீட்டை அடமானம் வைத்திருக்கிறார். ஊரடங்கில் வேன் நின்றுவிட்டது, வட்டி நிற்கவில்லை. அவர் என்னோடு சண்டை போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று சொல்லி ஃபேனைப் போட்டுவிட்டார்.

கோர்ட் உத்தரவு வாங்கிப் போலீசோடு போய்க் காலி செய்துவிடலாம் என்றார் புரோக்கர். எனக்கு மனசு வரவில்லை. வாடகை கொடுத்துக்கொண்டு இருங்கள், விற்கும்போது காலி செய்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. வீட்டை ஏலத்தில் எடுத்து, அதைப் பறிகொடுத்தவரையே அதில் குடிவைத்த ஆள் பாண்டிச்சேரியிலேயே நான் ஒருவன்தான் என்று மறுநாள் சொன்னாள்.

வாடகை ஒழுங்காக வந்தது. ஆனால் அவர் ஒருநாளும் குடித்தனக்காரராக நடந்துகொள்ளவில்லை. என்னைக் கேட்காமலே கேட்டுக்கு பெயின்ட் அடித்தார். முருங்கை மரத்தை வெட்டச் சொன்னால் அது இருக்கட்டும் என்றார். நான்தான் காலிங்பெல் அடித்துவிட்டு வாசலில் நின்றேன். மாடியில் வெளிப்படிக்கட்டோடு இருந்த ஒற்றை அறையை மட்டும் என் வசம் வைத்துக்கொண்டு, பழைய குழாய், பெயின்ட் டின் என்று போட்டுவைத்தேன்.

போன வருஷம் விலை நன்றாக ஏறியது. சென்னைக்காரர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார், வீடு மாதக் கடைசிக்குள் காலியாக இருக்க வேண்டும் என்றார். சம்பளத்தில் பாதி தவணைக்கே போய்க்கொண்டிருந்த எனக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. அந்த ஞாயிறு சாயங்காலம், காலி செய்யச் சொல்லிவிடுவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனேன்.

வாசலில் ஒரு கார், படியெல்லாம் செருப்பு. அவர் கேட்டுக்கே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு பாக்க வந்திருக்காங்க சார். சொந்த வீடுன்னு சொல்லிட்டேன். கோயில்ல மூணு ஓலையும் வாசிச்சு, இந்த வாசப்படியில இருந்து எம் பொண்ணு எறங்கிட்டா போதும் சார், அப்புறம் நான் எங்கன்னாலும் போயிடறேன்."

ஓலை வாசிப்பது என்றால், கல்யாணத்துக்கு முன் சர்ச்சில் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் அதை அறிவிப்பது. நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவர் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய், மாடி அறையில் இருக்கிறவர், நம் குடித்தனக்காரர் என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்துவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பத்திரம் என் பேரில், தவணை என் தலையில், மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி எனக்கு. காப்பி கொடுத்த அந்தப் பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பி, வீட்டுக்காரர் எப்படி என்று கேட்டார். ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்துவிடும். பழைய சொந்தக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கமான மனுஷங்க. வந்ததுல இருந்து எனக்கு ஒரு தொந்தரவும் கெடையாது" என்றேன்.

குடித்தனக்காரன் தன் வீட்டுக்குத்தானே போக வேண்டும்? வெளிப்படிக்கட்டில் ஏறிப் போய், பெயின்ட் டின்களுக்கு நடுவில் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

கார் கிளம்பிய சத்தத்துக்குப் பிறகு அந்தப் பெண் மேலே வந்தாள். கதவோரமாக நின்றுகொண்டு சொன்னாள்.

"அங்கிள், அவங்களுக்கு எல்லாம் தெரியும். வீடு ஏலத்துல போனத நான் மொதல்லயே சொல்லிட்டேன். அப்பா தானா சொல்ற வரைக்கும் யாரும் கேக்கக் கூடாதுன்னு அவங்க வீட்டு மாமாதான் சொல்லியிருக்காரு."

நான் யார் என்பதும் தெரியுமா என்று கேட்டேன். தலையாட்டினாள். அப்படியென்றால் அந்த மனிதர் வீட்டுக்காரரைப் பற்றி வீட்டுக்காரனிடமே கேட்டிருக்கிறார். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, அப்படியே படுத்துவிடலாம் போலிருந்தது. நான் எதற்கு வந்தேன் என்பதையும் அவள் ஊகித்திருந்தாள். கல்யாணம் முடிந்த வாரமே காலி செய்துவிடுவோம் என்றாள். அப்பாவுக்கு மட்டும் எதுவும் தெரிய வேண்டாம் என்றாள்.

சென்னைக்காரர் அவ்வளவு நாள் பொறுக்கவில்லை, வேறு வீடு முடித்துவிட்டார். இந்த முறை என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

நிச்சயத்தன்று நானும் அந்த வீட்டுக்குப் போனேன். குடித்தனக்காரர் இல்லாவிட்டால் அப்பா தவித்துப்போவார் என்று அந்தப் பெண் போன் செய்திருந்தாள். பந்தியில் நான் கடைசியாகத் தயங்கி நின்றதைப் பார்த்து அவர் புது வேட்டியோடு ஓடிவந்தார்.

"ஏன் சார் நிக்கிறீங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கிட்டு உக்காருங்க."

கேலியில்லை. அந்த முகத்தைப் பார்த்தேன். வீடு யாருடையது என்பதை அவர் அந்த நேரத்தில் உண்மையாகவே மறந்துபோயிருந்தார். சம்பந்தி எதிர்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.